பழைய வண்டி இருந்தால்தான் கழிவு, அப்ப எங்களுக்கு?

எங்கட வட்டத்தில் இருக்கிற ஒரு நண்பனுக்கு இருபத்துநான்கு வயது. தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்கு வந்து போகிறவன். வேலை முடிய இரவு எட்டு மணி தாண்டிவிடும். அந்த நேரத்துக்குப் பிறகு பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. தெரிஞ்ச ஆரும் அந்தப் பக்கம் போனால் பின்னால் ஏறிக்கொண்டு போவான். அப்பிடி ஆரும் இல்லாத நாட்களில் ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு அன்றைய சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இரண்டு வருடம் சீட்டுப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக முற்பணம் சேர்த்து, வாகன இறக்குமதி திறந்த பிறகு ஒரு புது மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனான். துணைக்கு நாங்களும் இரண்டு பேர் போனோம்.

ஷோரூமில் நல்ல வரவேற்பு. ஏசி, பிளேன் ரீ, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்ற உபசாரம். கண்ணாடியில் பெரிய எழுத்தில் விலைக்கழிவு விளம்பரம். விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி, "தம்பியிட்ட பழைய வண்டி ஒண்டு இருக்கோ?"

"இல்லை அண்ணை, இதுதான் முதல் வண்டி."

"அப்ப அந்தக் கழிவு வராது. அது எக்ஸ்சேஞ்சுக்கு. இன்னொண்டு இருக்கு, முதலே எங்கட கொம்பனி பைக் வச்சிருக்கிற ஆக்களுக்கு. அதுவும் உங்களுக்கு வராது."

பக்கத்து மேசையில் ஒரு அப்பாவும் மகனும் இருந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பைக். ஒன்றைக் கொடுத்துப் புதியது எடுக்கிறார்கள். எக்ஸ்சேஞ் கழிவு 25,000 ரூபா, பழைய வாடிக்கையாளர் கழிவு 10,000 ரூபா, மேலதிகமாக ஒரு ஹெல்மெட். அதே பைக், அதே நிறம், அதே நாள். இரண்டு பைக் வைத்திருந்த வீட்டுக்கு 35,000 ரூபா குறைவு. ஒன்றுமே இல்லாமல் வந்தவனுக்கு முழு விலை.

விற்பனையாளர் கெட்ட மனுசன் இல்லை. எங்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் ஒரு வழியும் சொன்னார்: "ஆரிட்டயாவது பழைய புக் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ, பாப்பம்." நண்பனுக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. மாமா வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் ஒரு பழைய பைக் கிடக்கிறது. பின்னேரமே போய்ப் பார்த்தோம். சங்கிலி துருப்பிடித்து, சீற்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அது பரவாயில்லை, ஆனால் வண்டி மாமாவின் பெயரில் இல்லை. அவர் அதை ஓப்பின் பேப்பரில் வாங்கியவர். புக்கில் பெயர் இருக்கிற ஆள் கனடாவுக்குப் போய்ப் பதினைந்து வருடம். கழிவு அதோடு முடிந்தது. நண்பன் முழு விலைக்கே எடுத்தான்.

இது ஒரு சின்னக் கதைதான். 35,000 ரூபாவுக்காக ஒரு கட்டுரையோ என்று சிலர் கேட்பார்கள். ஆனால் அந்த மேசையில் நடந்ததற்குள் எங்கட நாட்டில் சலுகை எந்தத் திசையில் ஓடுகிறது என்ற விசயம் முழுக்க இருக்கிறது. இருக்கிறவனுக்குக் கொடு, இல்லாதவனிடம் முழுசாக வாங்கு. ஷோரூமும் அதைத்தான் செய்கிறது, பாராளுமன்றமும் அதைத்தான் செய்து வந்தது. அதைப் பற்றித்தான் நாங்கள் எழுதுகிறோம்.

கழிவு யாருடைய காசு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். எந்தக் கொம்பனியும் கழிவைத் தன் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. ஒரு வண்டிக்கு விலை போடும்போதே வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் கழிவு போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் முழு விலை எழுதப்படுகிறது. ஆகவே கழிவு கிடைக்காதவர் கொடுக்கிற விலையில், கழிவு கிடைத்தவரின் பங்கும் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்த ஹெல்மெட்டில் எங்கட நண்பனின் சீட்டுக்காசும் கொஞ்சம் இருக்கிறது.

வாகன வியாபாரம் பெரிதாக நடக்கிற நாடுகளில் இந்தக் கழிவுகளுக்கு வகைவகையாகப் பெயர் உண்டு. ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்று. போட்டி நிறுவனத்தின் வண்டி வைத்திருப்பவரை இழுத்தெடுக்க இன்னொன்று. ஊழியருக்கு, ஊழியரின் குடும்பத்துக்கு, பழைய வண்டியைத் திருப்பிக் கொடுப்பவருக்கு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒரு விசயம் பொதுவானது. கழிவு வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒன்றை வைத்திருக்க வேணும், அல்லது வைத்திருப்பவருக்குச் சொந்தக்காரராக இருக்க வேணும்.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் இரண்டு வியாபாரம் ஒரே மேசையில் நடக்கிறது. நீங்கள் புது வண்டி வாங்குகிறீர்கள், அவர்கள் உங்கள் பழைய வண்டியை வாங்குகிறார்கள். "எக்ஸ்சேஞ் கழிவு 25,000" என்று சொல்லிவிட்டு, வெளியில் மூன்று லட்சம் போகிற பழைய வண்டிக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் விலை போட்டால், கழிவு எங்கே? உங்கட நாற்பதாயிரத்தை எடுத்து அதில் இருபத்தையாயிரத்தை உங்களுக்கே பரிசாகத் தருகிறார்கள். நீங்களும் நன்றி சொல்லிவிட்டு ஹெல்மெட்டோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறீர்கள்.

"மாதம் எவ்வளவு கட்டுவீங்கள்?"

எங்கட வயதுக்காரரில் கனபேர் வண்டி எடுப்பது லீசிங்கில்தான். ஷோரூமுக்குள்ளேயே லீசிங் மேசையும் இருக்கும். அங்கே உங்களிடம் வட்டியை யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். "மாதம் எவ்வளவு கட்டக்கூடியதா இருக்கும் தம்பி?" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் சம்பளத்தை மனதில் வைத்து ஒரு தொகை சொல்லுவோம். அந்தத் தொகைக்குள் எல்லாமே ஒளிந்துகொள்ளும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள். ஐந்து லட்சம் ரூபா லீசிங், நான்கு வருடம், நிலையான வட்டி வருடம் 14 வீதம். வட்டி மட்டும் 2,80,000 ரூபா. மொத்தம் 7,80,000. மாதம் 16,250 ரூபா வீதம் 48 மாதம். இனி வட்டியை 14 இலிருந்து 12.75 ஆகக் குறைத்துப் பாருங்கள். வட்டி 2,55,000 ரூபாவாகிறது. வித்தியாசம் சரியாக 25,000. அதாவது வட்டியில் ஒன்றேகால் வீதம் கூட எழுதினால், எக்ஸ்சேஞ் கழிவு முழுவதும் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடும். மாதக் கட்டணத்தில் அது 520 ரூபா வித்தியாசமாகத்தான் தெரியும். 520 ரூபாவுக்காக யார் அந்த மேசையில் வாதாடுவது?

அதோடு அந்த "14 வீதம்" என்பதே உண்மையான வட்டி அல்ல. நிலையான வட்டியென்றால், கடன் குறையக் குறைய வட்டி குறையாது. முதல்நாள் எடுத்த ஐந்து லட்சத்துக்கே கடைசி மாதம்வரை வட்டி போகும். மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 24 வீதம். பள்ளிக்கூடத்தில் ஓஎல் வரைக்கும் வட்டிக் கணக்குச் செய்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். ஆனால் இந்த ஒரு வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் உறைக்கிற மாதிரிச் சொல்லித் தரவில்லை.

இதற்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டி முடியும்வரை அந்த வண்டி சட்டப்படி உங்களுடையது அல்ல. நாலு மாதம் கட்டாமல் விட்டால், யார் உரிமையாளர் என்பதை வீட்டுப் படலையில் வந்து நிற்கிற சீசிங் காரர் விளங்கப்படுத்துவார். ஆனால் அடுத்த வண்டியை விற்க வரும்போது மட்டும் அதே ஆட்கள் உங்களை "மதிப்புக்குரிய உரிமையாளர்" என்று கூப்பிடுவார்கள்.

அமெரிக்காவின் 2005 கோடை

"கழிவு எண்டு எழுதினாலே சனம் வாங்கும்" என்பது எங்கட ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. இதை அப்போது உலகத்தின் மிகப் பெரிய வாகனச் சந்தையாக இருந்த நாட்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள்.

2005 யூனில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு அறிவிப்புச் செய்தது. அதுவரை தன் ஊழியருக்கு மட்டும் கொடுத்த விலைக்கழிவை எல்லாருக்கும் தருவதாகச் சொன்னது. அந்த மாதம் அவர்களின் விற்பனை முந்தைய வருட யூனை விட 41 வீதம் கூடியது. அடுத்த மாதமே ஃபோர்டும் கிரைஸ்லரும் அதே மாதிரித் திட்டத்தோடு வந்தன. சனம் கூட்டங்கூட்டமாகப் போய் வாங்கியது. உள்ளே வேலை செய்கிறவனுக்குக் கிடைக்கிற விலை தங்களுக்கும் கிடைக்கிறது என்றால் இதைவிட மலிவு எங்கே என்று நினைத்தார்கள்.

மேகன் புஸ்ஸே, டங்கன் சிமெஸ்டர், ஃப்ளோரியன் செட்டல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கோடையின் விற்பனை விலைகளை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: அந்தத் திட்டம் வருவதற்கு முந்தைய வாரங்களிலேயே பெரிய கழிவுகள் நடைமுறையில் இருந்தன. "ஊழியர் விலை" வந்த பிறகு வாங்கியவர்களில் பலர், அதற்குச் சற்று முன்பு வாங்கியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய விலையை விடக் கூடுதலாகவே கொடுத்தார்கள். வாகன விலை பேரம் பேசித் தீர்மானிக்கப்படுவது, சிக்கலானது, சாதாரண மனுசர் பல வருடத்துக்கு ஒருமுறைதான் வாங்குகிறார்கள். அதனால் எது மலிவு என்று அறிய வழியில்லாமல், "இது மலிவு" என்று சொல்லுகிற அடையாளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்று அவர்கள் விளக்கினார்கள்.

அப்படி விற்றும் ஜெனரல் மோட்டர்ஸ் தப்பவில்லை. 2009 யூன் 1 இல் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. ஆனால் அந்த உத்தி சாகவில்லை. 2025 ஏப்ரலில், அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிகளைப் பற்றிய பயத்துக்குள், ஃபோர்ட் மறுபடியும் ஊழியர் விலையை எல்லாருக்கும் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகங்களும் இணையத்தளங்களும் இருக்கிற சந்தையிலேயே இது நடந்திருக்கிறது என்றால், பக்கத்துக் கடையில் என்ன விலை என்று அறிய அரை நாள் லீவு போட வேண்டியிருக்கிற எங்கட ஊரில் என்ன நடக்கும்?

அரசாங்கம் நடத்திய ஷோரூம்

இனி பெரிய கழிவுக்கு வருவோம். இலங்கையில் உரிமையாளர் கழிவுகளின் தாய் எது என்று கேட்டால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல்தான் பதில்: பெர்மிட்.

இந்த நாட்டில் ஒரு காரின் விலையில் பெரும்பகுதி வரி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறக்கப்பட்டபோது இருந்த வரிகளைப் பாருங்கள். சுங்கத் தீர்வை 20 வீதம். அந்தத் தீர்வைக்கு மேல் 50 வீத மிகைவரி. எஞ்சினின் கொள்ளளவையோ மோட்டாரின் வலுவையோ வைத்துக் கணக்கிடுகிற உற்பத்தி வரி. விலை கூடிய வண்டிக்கு ஆடம்பர வரி. இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி. வரிக்கு மேல் வரி ஏறி, துறைமுகத்தில் இறங்கின காருக்கும் வீதிக்கு வருகிற காருக்கும் விலையில் சம்பந்தமே இல்லாமல் போகிறது.

டொலர் இல்லாத நாடு வாகன இறக்குமதிக்கு வரி போடுவது பிழையென்று நாங்கள் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதையும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததையும் பார்த்த தலைமுறை நாங்கள். பெற்றோல் வரிசையில் இரவு படுத்தவர்கள் நாங்கள். வரி தேவைதான். ஆனால் அந்த வரியைப் போட்ட பாராளுமன்றத்தில் கை உயர்த்தியவருக்கே அந்த வரி இருக்கவில்லை என்பதைத்தான் எங்களால் சீரணிக்க முடியவில்லை.

எந்தக் கட்சிக்காரரானாலும் பாராளுமன்ற உறுப்பினருக்குத் தீர்வையற்ற வாகன அனுமதி இருந்தது. உயர் அரச உத்தியோகத்தர், வைத்தியர், பல்கலைக்கழக ஆசிரியர் போன்றோருக்குச் சலுகை வரியில் அனுமதி இருந்தது. அந்த அனுமதியில் எத்தனை வண்டிகள் உண்மையில் அந்த உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்றன? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கத்தில் "பெர்மிட் விற்பனைக்கு" என்று பகிரங்கமாகப் போட்ட நாடு இது. பெர்மிட்டை வாங்கியவர் ஏற்கெனவே பெரிய கார் வைத்திருந்த, இன்னும் பெரிய காரை மலிவாக எடுக்க விரும்பின பணக்காரர். இழந்தது திறைசேரி. அந்தக் குறையைப் பருப்புக்கும் பால்மாவுக்கும் போடுகிற வரியில் எங்கட அம்மாக்கள் நிரப்பினார்கள்.

இறக்குமதி நிறுத்தப்பட்ட ஐந்து வருடத்தையும் பாருங்கள். சந்தையில் புது வண்டி இல்லாததால் பாவித்த வண்டிகளின் விலை ஏறி, வாங்கின விலையைவிடக் கூடுதலாக விற்றார்கள். 2020 க்கு முதல் வண்டி வைத்திருந்தவர் ஒன்றும் செய்யாமலே லாபம் கண்டார். அந்தக் காலத்தில் ஓஎல், ஏஎல் படித்துக்கொண்டிருந்த எங்கட தலைமுறை, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கும்போது, ஏறின விலை, ஏறின வரி, ஏறின வட்டி எல்லாம் சேர்ந்து காத்திருந்தது. இறக்குமதி திறந்தவுடன் ஷோரூம் முதலில் கேட்கிற கேள்வி, "பழைய வண்டி இருக்கோ?"

2024 இல் ஆட்சிக்கு வந்தவர்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு பெர்மிட் இல்லை என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் இந்தச் சலுகைகள் இதற்கு முதலும் பலதடவை நிறுத்தப்பட்டு, பிறகு வேறு சுற்றறிக்கையில் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கின்றன. ஆகவே கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக நாங்கள் தயாரில்லை.

எங்கட வீட்டுக்குள்ளும்

இதை எழுத முதல் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றவரைப் பார்த்து விரல் நீட்டுவது நேர்மையில்லை.

எங்களில் ஒருவரின் அம்மா அரச உத்தியோகத்தர். முப்பது வருட சேவையில் அவருக்கு ஒருதடவை பெர்மிட் வந்தது. கார் எடுக்கக் காசில்லை. கொழும்பிலிருந்து ஒரு தரகர் வந்தார், கையெழுத்து வாங்கினார், காசைக் கொடுத்தார். அந்தக் காசில்தான் எங்கட தோழரும் தங்கச்சியும் படித்தார்கள். "என்ர அம்மா கள்ளியோ? முப்பது வருசம் குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்த மனுசிக்கு அரசாங்கம் தந்த ஒரே நன்மை அதுதான். அதைப் பிழை எண்டு எழுதப் போறியளோ?" என்று அவர் கேட்டார். கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் வரவில்லை.

நாங்கள் யோசித்து வந்த பதில் இதுதான். அந்த அம்மாவில் பிழையில்லை. பிழை, நியாயமான சம்பளத்தைக் கொடுக்காமல், ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து, "இதைக் கொண்டுபோய் எவனிடமாவது விற்றுப் பிழைத்துக்கொள்" என்று சொன்ன அரசில். சம்பளமாகக் கொடுத்திருந்தால் அது வரவு செலவில் எழுதப்பட்டிருக்கும், ஓய்வூதியத்தில் சேர்ந்திருக்கும், அதே கந்தோரில் வேலை செய்த சாரதிக்கும் சிற்றூழியருக்கும் அவரவர் பங்கு போயிருக்கும். பெர்மிட்டாகக் கொடுத்தபடியால் மேலே இருந்தவருக்கு மட்டும் போனது. அதில் பெரிய பங்கைத் தரகரும் கார் வாங்கினவரும் எடுத்தார்கள். கழிவு என்பது உரிமையை விழுங்கிவிட்டுச் சலுகையைத் துப்புகிற ஒரு வழி. அந்தத் தோழர் இதை முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பகுதியை இப்படியே எழுதச் சொன்னவர் அவர்தான்.

"தந்தால் வாங்காமல் விடுறதோ?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எங்கள் பதில்: வாங்குங்கோ. தாராளமாக வாங்குங்கோ. எங்களில் யாரும் துறவியில்லை. தருகிற 25,000 ரூபாவை வேண்டாம் என்று சொன்னால் கொம்பனிக்குத்தான் லாபம்.

"பழைய வாடிக்கையாளரைக் கவனிக்கிறது வியாபாரத்தில் வழமைதானே" என்பார்கள். ஊர்க் கடைக்காரரும் நெடுநாள் வாடிக்கையாளருக்கு ஒரு கைப்பிடி கூடப் போடுகிறார்தான். ஆனால் அவர் அதற்காகப் புதிதாக வந்த பிள்ளையின் சாமானில் ஒரு கைப்பிடியைக் குறைப்பதில்லை. பழைய ஆட்களைக் கவனிக்க விரும்பினால் சேர்விஸில் கவனிக்கட்டும், உதிரிப்பாகத்தில் கவனிக்கட்டும். அது அவர்களுக்குள்ள உறவு. முதல்தடவை வருகிறவரின் விலையில் கை வைக்க வேண்டியதில்லை.

"எக்ஸ்சேஞ் இல்லாவிட்டால் ஏழைத் தோட்டக்காரன் தன்ர பழைய பைக்கைக் கொடுத்துப் புதுசு எடுக்கிறது எப்பிடி?" என்றும் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. பழைய வண்டியை நேர்மையான விலைக்கு எடுத்துக்கொள்வது நல்ல சேவைதான், அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அது வாங்கல், கழிவு அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, எது எவ்வளவு என்று தெரியாமல் செய்வதைத்தான் எதிர்க்கிறோம்.

"பைக்கே வேண்டாம், பஸ்ஸில போங்கோ" என்பவர்களுக்கு: சந்தோசமாகப் போவோம். இரவு ஒன்பது மணிக்கு ஊருக்குள் வருகிற பஸ் ஒன்றை விட்டுத் தாருங்கள். ஒரு பிள்ளை வேலை முடிந்து பயமில்லாமல் ஏறி வரக்கூடிய பஸ். அப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கட நண்பன் அந்த ஷோரூம் வாசலையே மிதித்திருக்கமாட்டான்.

போக முதல் செய்ய வேண்டியது

கோபப்பட்டு எழுதிவிட்டுப் போவதில் பிரயோசனமில்லை. அடுத்தமுறை போகிறவர்களுக்கு, நாங்கள் அடிபட்டுப் படித்ததைச் சொல்கிறோம்.

பழைய வண்டி இருந்தால் அதைப் பற்றி முதலில் வாய் திறக்காதையுங்கோ. புது வண்டியின் விலையை, பதிவு, காப்புறுதி, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து, வீதியில் இறங்குகிற மொத்த விலையாக எழுத்தில் கேளுங்கோ. அதற்கு முதல் பழைய வண்டியை வெளியில் இரண்டு இடத்தில் காட்டி விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ. புது விலை முடிவான பிறகுதான் "எக்ஸ்சேஞ் எவ்வளவு, கழிவு எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேட்க வேணும். கழிவையும் சேர்த்து அவர்கள் தருகிற தொகை வெளியில் சொன்ன விலையைவிடக் குறைவென்றால், வெளியில் வித்துப்போட்டுக் காசோடு போங்கோ.

லீசிங் மேசையில் "மாதம் எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதையுங்கோ. "மொத்தமா எவ்வளவு கட்டி முடிப்பன்? மீதிக் கடனுக்கு வட்டி எத்தனை வீதம்? முந்திக் கட்டி முடிச்சா என்ன கழிப்பியள்?" என்று திருப்பிக் கேளுங்கோ. இரண்டு கொம்பனியிலாவது எழுத்தில் வாங்கி வீட்டில் வைத்துப் பாருங்கோ. அன்றைக்கே கையெழுத்து வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவர்களுடையது.

முதல் வண்டி எடுக்கிறவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது: "பழைய ஆக்களுக்குத் தாற அதே கழிவை எனக்கும் தாங்கோ. நான்தான் இனி உங்கட புது வாடிக்கையாளர்." பத்தில் ஒன்பது இடத்தில் சிரிப்பார்கள். கேட்கிறவர் கூடினால் சிரிப்புக் குறையும்.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். பெட்டிக்கடையில் சீனி விலை எழுதாவிட்டால் பரிசோதகர் வந்து வழக்குப் போடுகிறார். அதே கண்டிப்பு ஷோரூமிலும் வேண்டும். வீதியில் இறங்குகிற முழு விலை, யார் யாருக்கு எவ்வளவு கழிவு, லீசிங்கின் உண்மையான வட்டி வீதம், மூன்றும் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். பெர்மிட் என்ற முறை எந்தப் பெயரிலும் திரும்பி வரக்கூடாது. உத்தியோகத்தருக்குக் கொடுக்க வேண்டியதைச் சம்பளமாகக் கொடுக்கட்டும், வண்டி வரியைக் குறைக்க முடிந்தால் முதல் வண்டி எடுக்கிறவருக்குக் குறைக்கட்டும்.

எங்கட நண்பன் இப்ப பதினோராவது தவணை கட்டியிருக்கிறான். இன்னும் 37 இருக்கிறது. போன கிழமை அந்த ஷோரூமிலிருந்து அவனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பழைய வாடிக்கையாளர் என்றபடியால், அடுத்த வண்டிக்கு அவனுக்குச் சிறப்புக் கழிவு உண்டாம். அவன் அதை எங்கள் குழுவில் போட்டுவிட்டு ஒரே ஒரு வரி எழுதினான்: "என்ர தம்பி ஏஎல் முடிக்கிறான், இதை அவனுக்குத் தருவாங்களோ எண்டு கேட்டுப் பாக்கிறன்."

கேட்டுப் பார்த்தான். தரமாட்டார்களாம். தம்பியிடம் பழைய வண்டி இல்லையாம்.